ஸ்ட்ரெயின் கேஜா, பிராக் கிரேட்டிங்கா, நீளம் முழுக்க அளக்கும் ஃபைபரா? பாலத்துக்கும் சுரங்கத்துக்கும் சென்சார் தேர்ந்தெடுப்பது எப்படி

"பாலத்தில் சென்சார் பொருத்தப் போகிறோம். வழக்கமான ஸ்ட்ரெயின் கேஜ் போதுமா, ஃபைபருக்குப் போய்விடலாமா?" (ஸ்ட்ரெயின் என்றால் திரிபு, ஒரு பொருள் தன் நீளத்தில் எத்தனை பங்கு நீள்கிறது அல்லது சுருங்குகிறது என்பது. ஃபைபர் என்றால் ஒளி ஓடும் கண்ணாடி இழை.) இந்தக் கேள்வி வெவ்வேறு உருவத்தில் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. ஆறு மாத ப்ராஜெக்டைக் கையில் வைத்துக்கொண்டு திணறும் எம்.இ. மாணவர்கள் கேட்கிறார்கள். சுரங்கம் தோண்டும் இடத்துக்குப் பக்கத்தில் பழைய கட்டடம் நிற்கிறதே என்று தூக்கம் கெட்ட சைட் இன்ஜினியர்கள் கேட்கிறார்கள். பல கிலோமீட்டர் குழாய்ப்பாதைக்குப் பொறுப்பில் இருப்பவர்களும் கேட்கிறார்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு விளம்பரத் தாளைப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். "இது ஒரு மைக்ரோஸ்ட்ரெயின் வரை அளக்குமாம், அது இருபதுதானாம். அப்படியானால் இதுதானே நல்லது?" என்பதே முதல் வாதம்.

அந்த வாதத்தை ஓரமாக வைத்துவிடுங்கள் என்பதுதான் நான் எல்லோரிடமும் சொல்வது. பழுது எந்த இடத்தில் வரும் என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரியுமா, தெரியாதா? சென்சார் தேர்வில் பாதி இந்த ஒரு கேள்வியிலேயே முடிந்துவிடும். மீதிப் பாதி, ஐந்து வருஷம் கழித்து, சென்சாரின் அளவுகளைப் படிக்கும் பெட்டியைத் திறந்து பார்க்க யார் இருப்பார்கள் என்பதில் முடியும்.

## முதலில் அளவுகோல்கள்

அளக்கப்போகும் பொருளின் அளவு மனதில் பதியட்டும். ஒரு கிலோமீட்டர் நீளக் கம்பி ஒரு மில்லிமீட்டர் நீண்டால் அது ஒரு மைக்ரோஸ்ட்ரெயின். எஃகில் அது 0.2 மெகாபாஸ்கல் தகைவுக்கு (ஸ்ட்ரெஸ்) சமம். கான்கிரீட்டை இழுத்தால் ஏறக்குறைய 100 மைக்ரோஸ்ட்ரெயினிலேயே விரிசல் விடத் தொடங்கும். எஃகு ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் யாரும் இழுக்காமலே 12 மைக்ரோஸ்ட்ரெயின் நீளும். காலையிலிருந்து மதியத்துக்குள் எஃகு 15 டிகிரி சூடேறினால் 180 மைக்ரோஸ்ட்ரெயின். லாரி போகும்போது வருவதைவிட வெயில் ஏறும்போது வருவது பெரிதாக இருப்பது சர்வ சாதாரணம். அதனால் வெப்பத்தைப் பிரித்தெடுக்கத் தெரியாத சென்சார், எத்தனை துல்லியமானாலும், வெயிலைத்தான் அளந்துகொண்டிருக்கும்.

இனி, எடைபோட வேண்டியவை. இடம் தெரியுமா என்பதைச் சொல்லிவிட்டேன். அடுத்தது வேகம். ரயில் போகும் அந்த ஐந்து நொடியைப் பிடிக்க வேண்டுமா, வருஷக்கணக்கில் மெல்ல நகர்வதைப் பார்க்க வேண்டுமா? இரண்டையும் ஒரே கருவி நன்றாகச் செய்வது அபூர்வம். மூன்றாவது, வெப்பத்தைப் பிரிக்கும் வழி. நான்காவது, சுற்றுப்புறம்: உயர் அழுத்த மின்சாரம், மின்னல், தீப்பற்றும் வாயு, தண்ணீர். ஐந்தாவது, ஆயுளும் ஆளும். கடைசியாகப் பணம். இதில் சென்சாரின் விலையை மட்டும் பார்க்கக் கூடாது. சென்சார் விலை மொத்தச் செலவில் பெரும்பாலும் சின்னப் பகுதிதான்.

## மின்தடை ஸ்ட்ரெயின் கேஜ்

1938-இல் அமெரிக்காவில் எட்வர்ட் சிம்மன்ஸ், ஆர்தர் ரூஜ் என்ற இருவர், ஒருவர் கால்டெக் பல்கலைக்கழகத்திலும் மற்றவர் எம்ஐடி பல்கலைக்கழகத்திலுமாக, தனித்தனியே இதைக் கண்டுபிடித்தார்கள். உலோகக் கம்பி நீண்டால் அதன் மின்தடை ஏறும். அதை ஒட்டிவைத்து அளந்தால் போதும். இன்று கம்பிக்குப் பதிலாக மெல்லிய உலோகத் தகடு. தத்துவம் அதேதான்.

இதன் பலம், உலகத்தில் எந்த ஊரிலும் இதை ஒட்டத் தெரிந்த ஒருவர் இருப்பார் என்பது. கேஜ் மலிவு, அளவைப் பதிவு செய்யும் லாகர் பெட்டியும் மலிவு. ஆயிரம் ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு ஆயிரம் முறை, அளப்பதும் எளிது. ஆய்வகத்தில் ஒரு பீமை உடைக்கப் போகிறீர்கள், பத்து இடத்தில் திரிபு வேண்டும், மூன்று மாதத்தில் வேலை முடிந்துவிடும் என்றால் வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம்.

பலவீனம் ஒயரில் இருக்கிறது. ஒரு 350 ஓம் கேஜில் ஒரு மைக்ரோஸ்ட்ரெயினுக்கு ஏற்படும் மாற்றம் 0.0007 ஓம். கேஜிலிருந்து லாகர் வரை இரண்டு ஒயரின் மொத்த மின்தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தாமிர ஒயர் வெயிலில் 10 டிகிரி சூடானால் அதன் மின்தடை 0.39 ஓம் ஏறும். லாகர் அதை 550 மைக்ரோஸ்ட்ரெயினுக்கு மேல் என்று காட்டும். பாலத்துக்கு எதுவுமே ஆகவில்லை, ஒயர்தான் சூடாகியிருக்கிறது! மூன்று ஒயர் இணைப்பு கொடுத்தால் இந்தக் கோளாறு பெருமளவு அடங்கும். ஆனாலும் ஒரு கேஜுக்கு மூன்று ஒயர் என்றால் நூறு கேஜுக்கு முந்நூறு. பெட்டிக்குள் அந்தக் கட்டு வந்து சேரும் இடத்தைப் பார்த்தவர்களுக்கு ஃபைபர் மேல் ஆசை வருவது இயல்பு.

அப்புறம் ஈரம். பூச்சுக்கு அடியில் ஈரம் புகுந்தால் கேஜ் உடனே செத்துவிடாது. மெல்ல மெல்லப் பொய் சொல்லத் தொடங்கும். பழுதாகி நின்றுபோன சென்சாரைவிட இது ஆபத்து. திறந்த வெளியில் பத்து வருஷம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை.

நீண்ட காலத்துக்கு, மெல்ல நகர்வதை மட்டும் அளக்க வேண்டும் என்றால் அதிர்கம்பி கேஜ் இருக்கிறது. வீணைத் தந்தியைப் போல முறுக்கேற்றிய எஃகுக் கம்பியை மின்காந்தத்தால் மீட்டி, அது எந்தச் சுருதியில் அதிர்கிறது என்று பார்ப்பது. அளப்பது அதிர்வெண்ணை என்பதால் ஒயரின் மின்தடை எப்படி மாறினாலும் கவலையில்லை. அணைகளில் பத்தாண்டுகள் தாண்டி உழைக்கும். வேகம் மட்டும் கிடையாது. ரயில் போவதை இதனால் பிடிக்க முடியாது.

## ஃபைபர் பிராக் கிரேட்டிங்

இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. வில்லியம் ஹென்றி பிராக் 1886-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனார். மகன் லாரன்ஸ் பிறந்தது அங்கேதான், 1890-இல். படிகத்தில் அடுக்கடுக்காக இருக்கும் அணுக்களில் எக்ஸ் கதிர் பட்டால், அடுக்கின் இடைவெளிக்குப் பொருந்தும் அலைநீளம் மட்டும் பலமாகத் திரும்பும் என்று லாரன்ஸ் 1912-இல் சொன்னார். தந்தைக்கும் மகனுக்கும் 1915-இல் நோபல் பரிசு கிடைத்தபோது மகனுக்கு வயது 25. அதே பல்கலைக்கழகத்தில் ஃபோட்டானிக்ஸ் (ஒளியியல் தொழில்நுட்பம்), நுண்ணுணர்வு ஆய்வு நிறுவனத்துக்காகக் கட்டிய கட்டடத்துக்கு 'தி பிராக்ஸ்' என்றே பெயர் வைத்தார்கள்.

படிகத்தில் இயற்கை போட்ட அடுக்கைக் கண்ணாடி இழைக்குள் நாமே போடுவதுதான் பிராக் கிரேட்டிங். 1978-இல் கனடாவின் ஒட்டாவாவில் கென் ஹில் குழுவினர், ஜெர்மேனியம் கலந்த இழைக்குள் ஆர்கான் லேசர் ஒளியைச் செலுத்தியபோது, திரும்பி வரும் ஒளி நேரம் ஆக ஆகக் கூடிக்கொண்டே போவதைக் கவனித்தார்கள். ஒளியே கண்ணாடிக்குள் தனக்கு ஒரு கண்ணாடியைக் கட்டிக்கொண்டிருந்தது. 1989-இல் மெல்ட்ஸ் குழுவினர் புற ஊதா ஒளியைப் பக்கவாட்டிலிருந்து பாய்ச்சி, வேண்டிய இடத்தில் வேண்டிய இடைவெளியில் எழுதும் முறையைக் காட்டினார்கள். அதற்குப் பிறகுதான் இது சென்சார் ஆனது.

இழையின் மொத்தத் தடிமன் 125 மைக்ரான், தலைமயிர் அளவு. அதன் நடுவில் ஒளி ஓடும் பாதை எட்டு, ஒன்பது மைக்ரான். அதற்குள் அரை மைக்ரானுக்குச் சற்று மேலான இடைவெளியில், 10 மில்லிமீட்டர் நீளத்துக்குள் ஏறக்குறைய 18,700 பட்டைகள். பல அலைநீளம் கலந்த ஒளியை அனுப்பினால் ஒன்று மட்டும் திரும்பி வரும், மற்றவை தாண்டிப் போய்விடும். இழை நீண்டால் பட்டைகளின் இடைவெளி விரியும். திரும்பி வரும் அலைநீளம் நகரும். 1,550 நானோமீட்டர் பகுதியில், ஒரு மைக்ரோஸ்ட்ரெயினுக்கு 1.2 பிகோமீட்டர் (ஆயிரம் பிகோமீட்டர் ஒரு நானோமீட்டர்).

ஒரே இழையில் வெவ்வேறு இடைவெளியில் பல கிரேட்டிங் எழுதினால், ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் அலைநீளத்தில் பதில் சொல்லும். முந்நூறு ஒயர் நின்ற இடத்தில் சில இழைகள் போதும். எத்தனை கிரேட்டிங் வைக்கலாம் என்பதை விற்பவரிடம் கேட்காதீர்கள், நீங்களே கணக்குப் போடுங்கள். அலைநீளத்தைப் படிக்கும் பெட்டியின் வீச்சு 80 நானோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சென்சாரும் கூட்டியும் குறைத்தும் 1,500 மைக்ரோஸ்ட்ரெயின் வரை போகலாம் என்றால் 3.6 நானோமீட்டர் வேண்டும். வெப்பத்துக்கும் பாதுகாப்புக்கும் இடம் விட்டு 5 என்று வைத்தால், ஓர் இழைக்கு 16. "நூறு வைக்கலாம்" என்று யாராவது சொன்னால், அது திரிபு அதிகம் வராத இடத்துக்கான கணக்கு.

பாலங்களில் இது சோதிக்கப்பட்ட கதையும் தேர்வுக்கு உதவும். கனடாவின் கால்கரி நகரில் 1993-இல் கட்டிய பெடிங்டன் டிரெய்ல் பாலத்தில், கார்பன் இழைக் கம்பிகளோடு சேர்த்துப் பிராக் கிரேட்டிங்குகளும் வைத்தார்கள். ஹாங்காங்கின் சிங் மா தொங்கு பாலம் இன்னும் நல்ல பாடம். 1,377 மீட்டர் நடு வீச்சு, கீழ்த் தளத்துக்குள் ரயில் ஓடும். அந்தப் பாலத்தில் ஏற்கெனவே முழு அளவிலான கண்காணிப்பு அமைப்பு இருந்தது. 2003-இல் ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகக் குழு 40 பிராக் கிரேட்டிங்குகளைப் பொருத்தி, பழைய அமைப்பின் அளவுகளோடு ஒப்பிட்டது. இரண்டும் நன்றாகப் பொருந்தின.

அந்த முடிவைப் பலர் தவறாகப் படிக்கிறார்கள். ஃபைபர் 'மேலானது' என்று அது சொல்லவில்லை. இரண்டும் ஒரே உண்மையைச் சொல்கின்றன என்றது. ஆகவே ஃபைபருக்குப் போக வேண்டிய காரணம் தரவின் தரத்தில் இல்லை. மெல்லிய கேபிள், மின்சார இரைச்சல் அண்டாமை, மின்னல் பயமின்மை, கிலோமீட்டர் தள்ளிப் பெட்டியை வைக்கும் வசதி, இவைதான் காரணம். தலைக்கு மேல் 25,000 வோல்ட் ஓடும் ரயில் பாதையிலும், எண்ணெய்க் கிடங்கிலும் இந்த வசதிகளுக்கு விலையே கிடையாது. ஆய்வகத்து மூலையில் இவற்றுக்கு மதிப்பே இல்லை.

வெப்பம் இதையும் விடாது. ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 10 பிகோமீட்டர், அதாவது எட்டு மைக்ரோஸ்ட்ரெயின் போலத் தெரியும். ஒட்டியிருக்கும் எஃகு நீள்வது தனி. எனவே பக்கத்திலேயே திரிபு படாத ஒரு கிரேட்டிங்கைத் தளர்வாக வைத்து, வெப்பத்தை மட்டும் அளந்து கழிக்க வேண்டும்.

இங்கே எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஓர் எஃகு கர்டரில் பெயின்டைச் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, பஞ்சில் கறுப்பு வராத வரை அசிட்டோனால் துடைத்து, இழையைச் சற்றே இழுத்துப் பிடித்து எபாக்சி பசை போட்டோம். சாரத்தின் மேல் மல்லாந்து படுத்துக்கொண்டு செய்கிற வேலை. பூச்சு கண்ணுக்கு நேர் மேலே. பக்கத்தில் வெப்பத்துக்கான தளர்வுக் கிரேட்டிங் ஒரு மெல்லிய குழாய்க்குள் இருந்தது. எபாக்சி வழிந்து குழாயின் வாய்க்குள் கொஞ்சம் போனதை யாரும் பார்க்கவில்லை. அந்த 'தளர்வு' இழையும் கர்டரோடு சேர்ந்து நீண்டது. நாங்கள் அதை வெப்பம் என்று நினைத்துக் கழித்துக்கொண்டே இருந்தோம். வண்டி போகும்போது வெப்பநிலை ஏன் ஒரு நொடி குதிக்கிறது என்று ஒரு மாதம் கழித்து உறைத்தது. அன்றிலிருந்து வெப்பக் கிரேட்டிங்கை ஒட்டும் இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் வைக்கிறேன். கூடவே ஒரு சாதாரண வெப்ப சென்சாரும் வைக்கிறேன்.

## நீளம் முழுக்க அளக்கும் ஃபைபர்

இதில் கிரேட்டிங் எதுவும் இல்லை. கடையில் கிடைக்கும் தொலைத்தொடர்பு இழையே சென்சார். ஒளித் துடிப்பை அனுப்பி, வழியெல்லாம் சிதறித் திரும்பும் ஒளியைக் கேட்பது, கிணற்றுக்குள் கத்திவிட்டு எதிரொலியைக் கேட்பதுபோல. இழைக்குள் ஒளி ஒரு மீட்டர் போய்த் திரும்ப ஏறக்குறைய 10 நானோ நொடி. எந்த நேரத்தில் திரும்பியது என்று பார்த்தால் எந்த மீட்டரிலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். சிதறலில் மூன்று வகை. மூன்றும் மூன்று வெவ்வேறு கருவிகள். ஒன்றை வாங்கிவிட்டு மற்றதன் வேலையை எதிர்பார்க்காதீர்கள்.

பிரில்லுவான் – திரிபுக்கு. திரும்பும் ஒளியின் அதிர்வெண் ஏறக்குறைய 10.8 கிகாஹெர்ட்ஸ் தள்ளியிருக்கும். அந்தத் தள்ளல் ஒரு மைக்ரோஸ்ட்ரெயினுக்கு 0.05 மெகாஹெர்ட்ஸும், ஒரு டிகிரிக்கு ஒரு மெகாஹெர்ட்ஸும் மாறும். அதாவது ஒரு டிகிரி வெப்பம் 20 மைக்ரோஸ்ட்ரெயினாக வேடமிடும். வழக்கமான கருவி ஒரு மீட்டர் நீளத்தின் சராசரியைத் தரும், ஒரு சுற்று அளக்கப் பல நிமிடம் எடுக்கும். ஒரு விரிசலின் ஓரத்தில் என்ன நடக்கிறது என்று இதைக் கேட்டால் பதில் மழுங்கித்தான் வரும்.

ஆனால் இடம் தெரியாதபோது இதற்கு ஈடு கிடையாது. லண்டனில் கிராஸ்ரெயில் என்ற புதிய ரயில் பாதைப் பணியின்போது, லிவர்பூல் ஸ்ட்ரீட் பகுதியில், தபால் துறையின் பழைய வார்ப்பிரும்புச் சுரங்கத்துக்கு நேர் கீழே, மிக நெருக்கத்தில், புதிய நடைமேடைச் சுரங்கம் தோண்ட வேண்டியிருந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் பழைய சுரங்கத்தின் குறுக்காகவும் நெடுகவும் இழையை ஓட்டி, பிரில்லுவான் முறையில் கண்காணித்தார்கள். வார்ப்பிரும்பு வளையங்கள் போல்ட்டால் இணைக்கப்பட்டவை. எந்த வளையம், எந்த மூட்டு அசையும் என்று யார் முன்கூட்டிச் சொல்வது? நாற்பது இடத்தில் கேஜ் ஒட்டியிருந்தால் நாற்பத்தோராவது இடத்தில் நடந்தது தெரிந்திருக்காது. இழை இருந்தால் சுரங்கம் முழுவதும் எப்படி வளைகிறது, எங்கே நீள்கிறது என்ற முழுச் சித்திரம் கையில் கிடைக்கும்.

ராமன் – வெப்பத்துக்கு. திருச்சியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, கல்கத்தாவில் கே. எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து 1928-இல் சி. வி. ராமன் கண்டறிந்த அதே விளைவுதான். சிதறும் ஒளியில் அலைநீளம் குறைந்து வரும் பங்கு, வெப்பத்தை ஒட்டி டிகிரிக்கு ஏறக்குறைய 0.8 சதவீதம் மாறும். நீளும் பங்கு அவ்வளவு மாறாது. இரண்டையும் வகுத்தால் வெப்பநிலை. 1983-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் ஆர்தர் ஹார்டாக், திரவம் நிரப்பிய இழையை வைத்து நீளம் முழுக்க வெப்பம் அளந்து காட்டினார். ராமன் சிதறல் கைக்கு வந்தபின் திரவம் தேவைப்படவில்லை, சாதாரண இழையே போதும் என்றானது. சுரங்கத் தீ எச்சரிக்கை, மின் கேபிளில் சூடேறும் இடம், அணையில் கசிவு: இந்த மூன்றுக்கும் நான் இரண்டாவது யோசனை செய்வதில்லை. திரிபு இதைப் பாதிக்காது என்பதால் பிரில்லுவானுக்குத் துணையாக, வெப்பத்தைக் கழிக்கவும் பயன்படும்.

ரேலி – அதிர்வுக்கு. ஒலி உணரும் ஃபைபர் என்று பேச்சில் சொல்கிறோம். காலடி, மண்வெட்டி, லாரி, நிலநடுக்கம் எல்லாம் கேட்கும். 2018 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில், கடலடி ஆய்வுக் கேபிள் பராமரிப்புக்காக நிறுத்தப்பட்ட நான்கு நாளில், அதன் 20 கிலோமீட்டரை இப்படிக் கேட்டார்கள். நிலநடுக்க அலையும் கடலடிப் பிளவு மண்டலங்களும் பதிவில் கிடைத்தன. அடுத்த ஆண்டு முடிவுகள் வெளியாயின. யாரோ எப்போதோ போட்ட கேபிளே கருவியாகிறது என்பது இந்தத் துறையில் எனக்குப் பிடித்த செய்தி.

விலை, தரவில் வரும். 10 கிலோமீட்டர், மீட்டருக்கு ஒரு புள்ளி, நொடிக்கு ஆயிரம் முறை, ஒவ்வொன்றுக்கும் நான்கு பைட்: நொடிக்கு 40 மெகாபைட், ஒரு நாளைக்கு ஏறக்குறைய மூன்றரை டெராபைட். அதை எங்கே வைப்பது, எதை அழிப்பது, மாடு நடப்பதையும் மண்வெட்டி விழுவதையும் யார் பிரித்துச் சொல்வது என்று முடிவு செய்யாமல் பெட்டியை வாங்கியவர்களை எனக்குத் தெரியும். ஹார்டு டிஸ்க் அலமாரியில் அடுக்கியிருக்கிறது, திறந்து பார்த்தவர் இல்லை.

## ஒரே பார்வையில்

| | ஸ்ட்ரெயின் கேஜ் | பிராக் கிரேட்டிங் | பிரில்லுவான் | ராமன் | ரேலி |
|---|---|---|---|---|---|
| அளப்பது | திரிபு | திரிபு, வெப்பம் | திரிபு, வெப்பம் | வெப்பம் மட்டும் | அதிர்வு |
| எங்கே | ஒட்டிய புள்ளியில் | எழுதிய புள்ளிகளில் | ஒவ்வொரு மீட்டரிலும் | ஒவ்வொரு மீட்டரிலும் | சில மீட்டர் சராசரியாக |
| வேகம் | மிக அதிகம் | அதிகம் | நிமிடக் கணக்கு | நொடி முதல் நிமிடம் | மிக அதிகம் |
| எட்டும் தூரம் | பத்து, நூறு மீட்டர் | கிலோமீட்டர்கள் | பல பத்து கி.மீ. | முப்பது கி.மீ. அளவு | பல பத்து கி.மீ. |
| மின்னல், மின் இரைச்சல் | பாதிக்கும் | பாதிக்காது | பாதிக்காது | பாதிக்காது | பாதிக்காது |
| பெட்டியின் விலை | குறைவு | அதிகம் | மிக அதிகம் | அதிகம் | மிக அதிகம் |
| கூடுதல் புள்ளிக்கு ஆகும் செலவு | ஒயர், சேனல், ஆள் | கிரேட்டிங், ஒட்டும் வேலை | ஏறக்குறைய இல்லை | ஏறக்குறைய இல்லை | தரவு மட்டும் |

கடைசி இரண்டு வரிசைகளைச் சேர்த்துப் படியுங்கள். ஒன்றில் பெட்டி மலிவு, புள்ளி செலவு. மற்றதில் பெட்டி செலவு, புள்ளி மலிவு. இரண்டு விலைப்புள்ளிகளையும் வாங்கி, பெட்டி விலையின் வித்தியாசத்தைப் புள்ளிச் செலவின் வித்தியாசத்தால் வகுங்கள். எத்தனை புள்ளிக்கு மேல் ஃபைபர் லாபம் என்பது வந்துவிடும். உங்கள் தேவை அந்த எண்ணுக்குக் கீழே இருந்தால், மின்னலோ தீயோ போல வேறு வலுவான காரணம் வேண்டும்.

## விலைப்புள்ளியில் வராத செலவுகள்

முதல் செலவு, மேலே ஏறுவது. சாரம், பளுத்தூக்கி, போக்குவரத்தை நிறுத்த அனுமதி, இரவு வேலை. எந்த சென்சாரானாலும் இது ஒன்றுதான், பல இடங்களில் இதுவே பெரிய தொகை. ஏறுவது ஒருமுறை என்பதால், ஏறும்போதே உபரி இழையும் போட்டுவிடுங்கள். உடைந்த பிறகு ஏறுவதைவிட மலிவு.

இரண்டாவது, இணைப்பு. இழையை உருக்கி ஒட்டும் ஸ்பிளைசிங் இயந்திரம் அறைக்குள் அற்புதமாக வேலை செய்யும். பாலத்தின் மேல் காற்று அடிக்கும்போது, இழையை வைக்கும் அந்த மெல்லிய பள்ளத்தில் ஒரு தூசு விழுந்தால் இரண்டு முனையும் நேர்கோட்டில் வராது. திரும்ப வெட்டு, திரும்ப துடை. காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டு ஸ்பிளைசிங் செய்வது பல ஊரில் வழக்கம். அதற்காகவே கேபிளில் சில மீட்டர் உபரி விட வேண்டும், இல்லாவிட்டால் இழை கார் வரை எட்டாது. கனெக்டரைப் பொறுத்தவரை ஒரே விதி: செருகும் முன் ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும். சென்சார் செத்துவிட்டது என்று எனக்கு வரும் அழைப்புகளில் பல, அழுக்குக் கனெக்டரில் முடிந்திருக்கின்றன.

மூன்றாவது, கேபிளின் உறை. பிரில்லுவானுக்குத் திரிபு இழைக்குப் போய்ச் சேர வேண்டும், ஆகவே உறை இறுக்கமாக வேண்டும். ராமனுக்குத் திரிபு தேவையில்லை, தளர்ந்த உறை நல்லது. தவறான உறை வாங்கினால் இழை உள்ளே வழுக்கிக்கொண்டே இருக்கும், எண்களும் வந்துகொண்டே இருக்கும், அவற்றுக்கு அர்த்தம் இருக்காது. எலி கடிக்கும் இடத்தில் எஃகு உறை வேண்டும்.

நான்காவது, ஆள். பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்யும் திட்டங்களில் இது கூர்மையாக வெளிப்படும். நிதி மூன்று வருஷம். பெட்டியை முழுதாகப் புரிந்துகொண்டவர் பெரும்பாலும் ஒரு பிஎச்.டி. மாணவர். அவர் பட்டம் வாங்கிப் போனதும் கடவுச்சொல்லும் அவரோடு போய்விடும். ஒப்பந்தம் எழுதும்போதே மூன்று விஷயத்தைக் கேளுங்கள்: எந்த அலைநீளம் எந்த இடத்து சென்சார் என்ற வரைபடம், மூலத் தரவு எந்த வடிவில் இருக்கிறது என்ற விளக்கம், உங்கள் அலுவலகத்திலேயே இருவருக்குப் பயிற்சி. நல்ல ஆய்வுக் குழுக்கள் இதை மகிழ்ச்சியோடு தருவார்கள். அவர்களுக்கும் தங்கள் சென்சார் பத்து வருஷம் உழைப்பதுதான் பெருமை.

## யாருக்கு எது

ஆறு மாத ப்ராஜெக்ட் மாணவருக்கு: ஸ்ட்ரெயின் கேஜ். ஃபைபர்தான் உங்கள் ஆய்வுப் பொருள் என்றால் மட்டும் பிராக் கிரேட்டிங். அப்போதும் பக்கத்தில் ஒரு கேஜை ஒட்டுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் வைவாவில் நிம்மதி.

எந்த இணைப்பு களைத்துப்போகும் என்று தெரிந்த எஃகுப் பாலம், மேலே மின்சார ரயில்: பிராக் கிரேட்டிங். ஒவ்வொரு ரயிலையும் எண்ணலாம், எடைபோடலாம், வருஷங்களுக்குத் தொடரலாம். புதிய கான்கிரீட் பீமாக இருந்தால் வார்க்கும்போதே உள்ளே வைத்துவிடுவது இன்னும் நல்லது. கேம்பிரிட்ஜ் குழு ஸ்டாஃபர்ட்ஷயரின் ரயில் பாலங்களில் அப்படிச் செய்து, பீம் பிறந்த நாளிலிருந்தே அதன் கதையைப் பதிவு செய்தது.

அணை: அதிர்கம்பி கேஜ்கள், கசிவுக்கு ராமன் இழை. வேகம் தேவையில்லாத இடத்தில் வேகத்துக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

குழாய்ப்பாதை: யாராவது தோண்டுகிறார்களா என்பது கவலை என்றால் ரேலி. நிலம் சரிகிறதா என்பது கவலை என்றால் பிரில்லுவான். கசிவு என்றால், குழாய்க்குள் போவதன் வெப்பம் மண்ணின் வெப்பத்திலிருந்து மாறுபட்டிருக்கும்பட்சத்தில் ராமன். மூன்று கவலையும் இருந்தால், ஒரே பள்ளத்தில் மூன்று வகை இழையையும் இன்றே போட்டுவிட்டு, பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பின்னால் வாங்கலாம். பள்ளம் தோண்டும் செலவோடு ஒப்பிட்டால் இழையின் செலவு ஒன்றுமே இல்லை.

பழைய கட்டடமோ சுரங்கமோ இருக்கும் இடத்துக்கு அருகில் தோண்டுகிறீர்களா? பிரில்லுவான் இழையை நீளவாக்கில் ஓட்டுங்கள். ஏற்கெனவே விரிசல் தெரிகிற இரண்டு மூன்று இடத்தில் மட்டும் பிராக் கிரேட்டிங்கோ அதிர்கம்பியோ வையுங்கள். முழுச் சித்திரத்துக்கு ஒன்று, நோவு தெரிந்த இடத்துக்கு ஒன்று. இந்த வேலையில் பெட்டியை வாங்காமல் வாடகைக்கு எடுப்பதே பல நேரம் கட்டுபடியாகும், ஏனென்றால் தோண்டி முடித்த சில மாதத்தில் கவலையும் முடிந்துவிடும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தோண்டத் தொடங்கும் அன்று சென்சாரை ஒட்டினால், முதல் வாரத்தில் வரும் 150 மைக்ரோஸ்ட்ரெயின் தோண்டுவதால் வந்ததா, வெயிலால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. குறைந்தது சில வாரங்கள் முன்பாகவே பொருத்திவிட்டு, எந்த வேலையும் நடக்காத நாட்களின் பகலையும் இரவையும், ஒரு மழை நாளையும் பதிவு செய்துகொள்ளுங்கள். கட்டடம் தானாக எவ்வளவு மூச்சு விடுகிறது என்பது அந்தப் பதிவில் இருக்கும். முதல் எச்சரிக்கை மணி அடிக்கும் இரவில் நீங்கள் தேடி எடுக்கப்போவது அதைத்தான்.